கேட்க ஆள் இல்லாத வேலைகள்

கேள்வி இதுதான்: “வயது 31. கோவையில் தனியாக வாடகை வீட்டில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸ் டிசைன் வேலை. கிளையண்ட் வேலையைச் சொன்ன தேதிக்குக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் என் சொந்த வேலை எதுவும் நகர்வதில்லை. வரிக் கணக்கு, பல் டாக்டர், வண்டி இன்ஷூரன்ஸ், முடித்த வேலைக்குப் பில் அனுப்புவது, எல்லாமே கிடப்பில். வீட்டிலும் ஹாஸ்டலிலும் இருந்தவரை இப்படி இல்லை. சோம்பேறியாகிவிட்டேனா? இதிலிருந்து எப்படி மீள்வது?”

கிளையண்ட் வேலையைச் சொன்ன தேதிக்குக் கொடுத்துவிடுகிறீர்கள் அல்லவா? அப்படியானால் சோம்பேறி என்ற பட்டத்தை இப்போதே இறக்கி வைத்துவிடலாம். ராத்திரி 2 மணிக்கு உட்கார்ந்து லோகோவுக்கு மூன்றாவது திருத்தம் போடுகிறவருக்கு அது பொருந்தாது. யாராவது ஒருவர் கேட்டால் உங்களால் செய்ய முடிகிறது. யாரும் கேட்காத வேலைகள்தான் கிடக்கின்றன. தனியாக வாழ்கிறவர்கள் வேலையைத் தள்ளிப்போடுவதில் பெரும்பங்கு இந்த ஒரு விஷயம்தான் என்பது என் எண்ணம்.

வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது என் பிழைப்பு. வருகிறவர்களில் பாதிக்கு மேல் உங்களைப் போன்றவர்கள்: டிசைனர், மொழிபெயர்ப்பாளர், வீடியோ எடிட்டர், ஆன்லைனில் வீணை சொல்லித் தருகிறவர். மனிதர்கள் தள்ளிப்போடுவதை இவ்வளவு அருகில் பார்க்கக் கிடைக்கிற தொழில் அதிகம் இருக்காது. பல் டாக்டர்கள் வேண்டுமானால் போட்டிக்கு வரலாம்.

வரிக் கணக்கைத் தாக்கல் செய்ததோடு வேலை முடிவதில்லை. 30 நாளுக்குள் அதை வெரிஃபை செய்ய வேண்டும், அதாவது தாக்கல் செய்தது நான்தான் என்று உறுதிசெய்ய வேண்டும். 2022 ஆகஸ்டுக்கு முன்பு இதற்கு 120 நாள் இருந்தது, பிறகு குறைத்துவிட்டார்கள். பெரும்பாலோர் செய்யும் வழி, ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு வரும் ஓடிபியை அடிப்பது. ஆறு இலக்கம், இரண்டு நிமிடம். ஆவணம் தேடி, கணக்குப் பார்த்து, வரியும் கட்டி முடித்துவிட்டு, இந்த ஓடிபியில் வந்து நின்றுவிடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. நான் நினைவூட்டினால் “இன்னைக்கு நைட் பண்ணிடறேன்” என்று பதில் வரும். ஓடிபி வராது. துருவிக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். ஆதாரில் இருப்பது அப்பாவின் நம்பர். படிக்கிற காலத்தில் எடுத்தபோது கொடுத்தது. ஓடிபி வேண்டுமென்றால் ஊருக்குப் போன் போட வேண்டும். அப்பா ஆறு இலக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு வைக்கிற ஆள் கிடையாது. “ஏன் போனே பண்றதில்ல” என்று ஆரம்பித்து, மாமா கொண்டுவந்த ஜாதகம் வரை போய்த்தான் நிற்பார்.

பட்டியலில் எழுதியிருப்பது ‘வெரிஃபை’. உண்மையில் தள்ளிப்போனது அந்தப் போன். இது தெரியாமல் “இரண்டு நிமிட வேலையைக்கூடச் செய்ய முடியவில்லையே” என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வதில் ஒரு வாரம் போயிருக்கும். வெரிஃபை ஆகாத கணக்கு தாக்கல் செய்யாத கணக்குக்குச் சமம். தாமதமாகச் செய்தால், செய்த நாளையே தாக்கல் செய்த நாளாக எடுத்துக்கொள்வார்கள். கடைசித் தேதியைத் தாண்டியிருந்தால் தாமதக் கட்டணமும் வந்து சேரும். ஜாதகப் பேச்சுக்குப் பயந்ததற்கு 5,000 ரூபாய்.

இன்னொன்று இதைவிட வினோதமானது. வரவேண்டிய பணத்துக்கே பில் அனுப்பாமல் இருப்பது. உங்கள் பட்டியலிலும் அது இருக்கிறது, அதனால் சொல்கிறேன். கட்டவேண்டிய பணத்தைத் தள்ளிப்போடுவது புரிகிறது. வேலை முடித்து, கிளையண்ட் “சூப்பர்” என்று சொல்லி, பில் கேட்டும் மூன்று மாதம் அனுப்பாமல் இருக்கிறவர்களை என்னவென்று சொல்வது? பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினால் காரணங்கள் ஒவ்வொன்றாக வரும். நடுவில் கூடுதலாக இரண்டு போஸ்டர் செய்து கொடுத்தேன், அதற்குத் தனியாகப் பணம் கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டால் தப்பாக நினைப்பாரோ? கேட்காவிட்டால் எனக்கு வயிறு எரியும். சரி, அப்புறம் யோசிக்கலாம். அந்த ‘அப்புறம்’ ஒரு மாதமானதும் புதிதாக ஒரு கூச்சம் சேர்ந்துகொள்கிறது: இவ்வளவு நாள் கழித்து அனுப்பினால் என்ன நினைப்பார்கள்? அதற்கு அடுத்த மாதம் அந்தக் கிளையண்டின் பெயர் வாட்ஸாப்பில் மேலே வந்தாலே நெஞ்சு படபடக்கிறது.

வரிக் கணக்கிலும் இதே கதைதான். கிளையண்டுகள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதத்தை டிடிஎஸ் என்று முன்கூட்டியே வரியாகப் பிடித்துவிட்டுத் தருகிறார்கள். வருமானம் குறைவாக இருக்கிற பலருக்கு அந்தப் பணம் அப்படியே திரும்பி வரும். கணக்குத் தாக்கல் செய்தால் மட்டும் போதும். ஆனாலும் செய்வதில்லை. தாமதமாகவாவது தாக்கல் செய்ய டிசம்பர் 31 வரை நேரம் இருக்கிறது. அதையும் விட்டுவிட்டு, பிறகு ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ என்ற பிந்தைய கணக்கு வழியாக ரீஃபண்ட் கேட்க முடியாது. மேலதிகாரிகளுக்கு மனுப் போட்டு, காரணம் சொல்லி, காத்திருக்க வேண்டியதுதான்.

பணம் வருவதாக இருந்தாலும் தள்ளிப்போடுகிறோம் என்றால், நாம் ஒதுங்குவது உழைப்பிலிருந்தோ செலவிலிருந்தோ அல்ல என்று தெரிகிறது. அந்த வேலையைத் தொட்ட முதல் நிமிடத்தில் வருகிற உணர்விலிருந்துதான் ஒதுங்குகிறோம். கூச்சம், குழப்பம், பயம், சில சமயம் வெறும் சலிப்பு. உளவியலாளர்கள் ஃபுஷியா சிரோய்ஸும் டிமோதி பிச்சிலும் 2013-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் விளக்கியிருக்கிறார்கள். தள்ளிப்போடுவதை நேர மேலாண்மைக் கோளாறாகப் பார்ப்பதைவிட, இந்த நிமிடத்து மனநிலையைச் சரிசெய்துகொள்ள எடுக்கும் குறுக்குவழியாகப் பார்ப்பதே பொருத்தம் என்பது அவர்கள் வாதம். மெயிலை மூடியதும் மனம் உடனே லேசாகிறது. அந்த நிம்மதிதான் பழக்கத்தை வளர்க்கிறது. பாக்கி முழுவதும் அடுத்த மாதத்து உங்கள் தலையில்.

வீட்டில் இருந்தபோது ஏன் இப்படி ஆகவில்லை? அங்கேயும் இதே கூச்சமும் பயமும் இருந்தன. ஆனால் “பல்லு வலிக்குதுன்னியே, போனியா?” என்று அம்மா நாலு முறை கேட்பார். ஐந்தாவது முறை அவரே டோக்கன் வாங்கி வைத்திருப்பார். ஹாஸ்டலில் அறை நண்பன் ரெக்கார்ட் நோட்டை எழுத உட்கார்ந்தால் நமக்கும் கை அரிக்கும். கம்பெனி வேலையில் இருந்தால் வரியைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள், பிஎஃப் தானாகப் போய்விடும், முதலீட்டு விவரம் கொடுக்கச் சொல்லி அக்கவுண்ட்ஸ் ஆள் விடாமல் மெயில் போடுவார். தனியாக வந்து, தனியாகத் தொழிலும் பார்க்கும்போது இத்தனை பேருடைய வேலையும் ஒரே ஆள் தலையில் விழுகிறது. அந்த ஆளை மேற்பார்க்க யாரும் இல்லை. சுதந்திரம் என்று நாம் கொண்டாடியதில் இதுவும் சேர்த்துத்தான் வந்தது.

கெடு இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. 2025-ல் ஜூலை 31 என்று இருந்த கடைசி நாளை அரசே செப்டம்பர் 15-க்குத் தள்ளி வைத்தது. ஆறு வாரத்துக்கு மேல் கூடுதல் நேரம். கடைசி நாளில் தளம் திணற, இன்னும் ஒரு நாள் கூட்டி, செப்டம்பர் 16 வரை கொடுக்க வேண்டியதாயிற்று. செப்டம்பர் 15 இரவு என் போன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஜூலை கடைசி வாரத்தில் அழைக்க வேண்டிய அதே ஆட்கள்தான், ஒன்றரை மாதம் கழித்து, அதே கேள்விகளோடு அழைத்தார்கள்.

மைசூரில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். சுப்ரீத் கௌர், மைக்கேல் கிரெமர், தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதன் ஆகிய பொருளியலாளர்கள், டேட்டா என்ட்ரி ஊழியர்களைப் பல மாதம் கவனித்து 2015-ல் வெளியிட்டது. எவ்வளவு அடிக்கிறார்களோ அவ்வளவு கூலி. சம்பள நாள் நெருங்க நெருங்க வேலை கூடுகிறது, இது எதிர்பார்த்ததே. அடுத்ததுதான் வியப்பு. ஊழியர்கள் விரும்பினால் தங்களுக்கு ஒரு தினசரி இலக்கை வைத்துக்கொள்ளலாம். இலக்கைத் தொட்டால் வழக்கமான கூலிதான், கூடுதலாக ஒரு பைசா கிடையாது. தொடாவிட்டால் பாதிக் கூலி. கணக்குப்படி பார்த்தால் இதை யாரும் எடுக்கக் கூடாது. நஷ்டத்துக்கு மட்டுமே வழி உள்ள ஏற்பாடு. ஆனால் வாய்ப்புக் கொடுத்த நாள்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம் இலக்கைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அப்படிச் செய்தபோது வேலையும் கூடியது. தன்னைப் பற்றித் தெரிந்தவர்கள் தனக்கு வேலி கட்டிக்கொள்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி, உங்கள் விஷயத்தில் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு மாலை எதையும் செய்து முடிக்கப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு உட்காருங்கள். கிடப்பில் உள்ள எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, இதில் எனக்கு உண்மையில் பிடிக்காத இடம் எது? ‘பில் அனுப்பணும்’ என்பதற்கு எதிரே ‘ரெண்டு போஸ்டருக்குப் பணம் கேட்கக் கூச்சம்’ என்று வரவேண்டும். ‘வரிக் கணக்கு’ என்பதற்கு எதிரே ‘போன வருஷமும் பண்ணல, நோட்டீஸ் வந்திருக்குமோன்னு பயம், லாகின் பண்ணவே பிடிக்கல’ என்று வரலாம். அதை எழுதிய கையோடு அடுத்த அடி என்ன என்பது பெரும்பாலும் மாறிவிடும். பில் தயாரிப்பதற்கு முன் செய்ய வேண்டியது, அந்தப் போஸ்டர்களுக்கு என்ன விலை என்று அதே தொழிலில் இருக்கும் ஒரு நண்பரிடம் கேட்பது.

இரண்டாவது, இது கிடக்கக் கிடக்க வளருமா, அல்லது சும்மா கிடக்குமா? இந்த ஒரு கேள்வி பட்டியலின் வரிசையையே மாற்றிவிடும். பல் வளரும். சின்னச் சொத்தையை அடைப்பது ஒரு தடவை போய் உட்கார்ந்து எழுகிற வேலை. விட்டால் ரூட் கேனால், அதன்மேல் கேப், நாலைந்து நடை, பல மடங்கு செலவு. வண்டி இன்ஷூரன்ஸும் வளரும். காலாவதியாகி 90 நாள் தாண்டினால், க்ளெய்ம் செய்யாமல் வருடக்கணக்கில் சேர்த்த நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும். இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம். நீங்கள் யாரையாவது இடித்துவிட்டால் நஷ்ட ஈடு முழுவதும் உங்கள் தலையில். அது வாழ்நாள் கடன். எனவே பல்லும் வண்டியும் முதலில்.

வரிக் கணக்கு நீங்கள் பயப்படும் அளவுக்கு வளர்வதில்லை. தாமதக் கட்டணம் அதிகபட்சம் 5,000 ரூபாய், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. கட்டவேண்டிய வரி பாக்கி இருந்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. நான் பார்த்தவரையில் மனதில் இருந்த தொகை எப்போதும் உண்மைத் தொகையைவிடப் பெரிது. நோட்டீஸ் வந்த மெயிலை மாதக்கணக்கில் திறக்காமல் வைத்திருந்து, கடைசியில் நடுங்கிக்கொண்டே திறந்தால், சில சமயம் அது ரீஃபண்ட் அனுப்பியாயிற்று என்ற தகவலாக இருக்கும். எல்லாம் அப்படி முடியும் என்று சொல்லவில்லை. நோட்டீஸுக்குப் பதில் சொல்லக் கெடு உண்டு, தவறினால் தொந்தரவுதான். ஆனால் எண் தெரிந்த பயம் தெரியாத பயத்தைவிடச் சிறியது.

அடுத்து, கேட்கிற ஆளை ஏற்பாடு செய்வது. நான் அதிகம் நம்புவது இதைத்தான். இதற்குப் பெற்றோர் வேண்டாம். ஒரு வாரத்தில் அது பழைய பஞ்சாயத்தாகிவிடும். காதலன், காதலி, கணவன், மனைவியும் வேண்டாம். “இன்ஷூரன்ஸ் கட்டிட்டியா” என்பது அன்றைய சண்டையின் முதல் வரியாகிவிடும். உங்களைப் போலவே கிடப்பில் வேலை வைத்திருக்கும் ஒரு நண்பர்தான் சரி. வாரத்துக்கு ஒரு நேரம், சனிக்கிழமை காலை 10 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ காலில் இரண்டு பேரும் அவரவர் வேலையோடு உட்கார வேண்டும். பேச்சு குறைவாக இருக்கட்டும். முடித்ததும் “முடிச்சுட்டேன்” என்று சொன்னால் செல்லாது. ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டும். பில் அனுப்பிய மெயில், இன்ஷூரன்ஸ் ரசீது, ஏதாவது ஒன்று.

இதில் இன்னொரு படி இருக்கிறது. வேலையை மாற்றிக்கொள்வது. உங்கள் பில் மெயிலை எழுத உங்களுக்குக் கூச்சம். உங்கள் நண்பருக்கு அதில் ஒரு கூச்சமும் கிடையாது. அவர் ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார், நீங்கள் அனுப்பினால் போதும். அவருக்கு வீட்டு ஓனரிடம் பாத்ரூம் குழாய் பற்றிப் பேசப் பயம். உங்களுக்கென்ன, “சார், குழாய் ஒழுகுது, வர்ற ஞாயித்துக்கிழமை பிளம்பர் அனுப்பறீங்களா, இல்ல நாங்க பண்ணிட்டு வாடகையில கழிச்சுக்கவா” என்று மெசேஜ் அடித்துக் கொடுத்துவிடுவீர்கள். வேலையோடு ஒட்டியிருக்கிற உணர்வு ஆளோடு சேர்ந்தது. ஆள் மாறினால் அந்த வேலையில் வேலை மட்டும்தான் மிச்சம் இருக்கும். என்னிடம் வருகிறவர்கள் எனக்குப் பணம் கொடுப்பதும் பாதி இதற்காகத்தான் என்று எனக்கே தோன்றும். அவர்களில் பலருடைய கணக்கு அவர்களே போட்டுக்கொள்ளக்கூடிய அளவு எளிது. பயப்படாமல் லாகின் செய்கிற ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். தொழிலுக்கு உதைக்கிற விஷயம்தான், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

நண்பர் இல்லாவிட்டாலும் கேட்கிற ஆளை உண்டாக்கலாம். பல் டாக்டருக்கு “போகணும்” என்று குறித்து வைப்பதற்குப் பதில், இப்போதே கிளினிக்குக்குப் போன் போட்டு ஒரு நேரம் வாங்குங்கள். போகவில்லை என்றால் ரிசப்ஷனில் இருப்பவர் திரும்ப அழைப்பார். வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் ஞாயிறு சாயங்காலம் யாரையாவது காபிக்குக் கூப்பிடுங்கள். மதியம் 2 மணிக்குத் துடைப்பம் தானாகக் கைக்கு வரும்.

எப்போது, எங்கே என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்வது நிஜமாகவே வேலை செய்கிறது. ஜெர்மனியில் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்தார்: கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். பாதிப் பேரிடம் மட்டும், எந்த நேரத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்றும் குறித்துக் கொடுக்கச் சொன்னார். அப்படிக் குறித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் அனுப்பினார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒருவர்தான். “இந்த வாரம் பண்ணிடணும்” என்பது திட்டமே கிடையாது. “சனிக்கிழமை காலை காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும், மெயிலைத் திறக்காமல், சமையலறை மேஜையில் உட்கார்ந்து பேங்க் ஸ்டேட்மென்ட் மட்டும் டவுன்லோட் பண்ணுவேன்” என்பது திட்டம். டம்ளர் கவிழ்ப்பது தினமும் நடக்கிற செயல் என்பதால் அதை மறக்க முடியாது. ஸ்டேட்மென்ட் மட்டும் என்பதையும் கவனியுங்கள். அன்றைக்கு வரிக் கணக்கு முடிய வேண்டியதில்லை. முடிந்தால் முடியட்டும்.

சிலவற்றை முடிவெடுக்கும் வேலையாகவே வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில், போன், இன்டர்நெட் எல்லாவற்றையும் வங்கியிலிருந்து தானாகப் போகும்படி செய்துவிடலாம். பிபிஎஃப் என்ற நீண்டகாலச் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தால் மாதத்தின் 1 அல்லது 2-ம் தேதிக்கு ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்துவிடுங்கள். அந்த மாத வட்டியை 5-ம் தேதி முதல் மாதக் கடைசி வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் கணக்கிடுகிறார்கள். 6-ம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் வட்டி இல்லை. ஒவ்வொரு மாதமும் இதை நினைவில் வைத்துக்கொண்டு செய்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அப்புறம், ஆதார் நம்பர். அருகில் உள்ள ஆதார் மையத்துக்கு ஒரு நடை போய் உங்கள் சொந்த மொபைலை இணைத்துவிட்டால், வருடா வருடம் ஊருக்குப் போட வேண்டிய அந்தப் போன் மிச்சம். அப்பாவிடம் சும்மா பேசலாம்.

இனி, இதில் பயன்படாதவை என்று நான் நினைக்கும் சில. காலை 5 மணிக்கு எழுவது: 9 மணிக்கு எழுந்து தள்ளிப்போடுகிறவர் 5 மணிக்கு எழுந்து நாலு மணி நேரம் கூடுதலாகத் தள்ளிப்போடுவார். ஊக்கமூட்டும் வீடியோக்கள்: பார்க்கும்போது ஏதோ செய்துவிட்ட மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து. விலை உயர்ந்த பிளானர் நோட்டுகளும் செயலிகளும்: பிப்ரவரியில் வெறுமையாக இருக்கும் பிளானரைப் பார்ப்பதே இன்னொரு குற்ற உணர்ச்சி. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற தக்காளி டைமர் முறை, தொடங்குவதற்கு நல்லதுதான். ஆனால் வேலையில் மூழ்கிவிட்ட பிறகு மணி அடித்து எழுப்பி விடுகிறது. மூழ்கிவிட்டால் டைமரை அணைத்துவிடுங்கள்.

தன்னைத் திட்டிக்கொள்வதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊரில் அதை ஒரு மருந்தாகவே நினைக்கிறோம். உறைக்கிற மாதிரி திட்டினால்தான் உருப்படும் என்ற நம்பிக்கை வீட்டிலும் பள்ளியிலும் ஊட்டப்பட்டது. தனியாக வந்ததும் திட்ட ஆள் இல்லாததால் நாமே திட்டிக்கொள்கிறோம். கனடாவில் முதலாண்டுக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்கு முன் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள் என்று தெரிந்தது. வேலையைத் தொடும்போது வருகிற கசப்பால்தான் ஒதுங்குகிறோம் என்றால், திட்டு அந்தக் கசப்பைக் கூட்டத்தான் செய்யும். நடைமுறையில் இதற்கு ஒரு சோதனை உண்டு. தாமதமான மெயிலின் முதல் பத்தியில் மன்னிப்பு எவ்வளவு நீளம் என்று பாருங்கள். ஐந்து வரிக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தால் அந்த மெயில் இன்றைக்கும் போகாது. “தாமதத்துக்கு வருந்துகிறேன், பில் இணைத்திருக்கிறேன்” என்பது போதும். கிளையண்டின் அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு உங்கள் மனநிலை பற்றி ஒரு கவலையும் இல்லை. அவருக்கு வேண்டியது பான் நம்பரும் வங்கி விவரமும்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பிடிக்காத வேலை மட்டுமன்றி, பிடித்ததும் தள்ளிப்போகிறதா? நண்பர்களைப் பார்ப்பது, சாப்பாடு, குளியல்கூட? தூக்கம் கெட்டு, எதிலும் ருசி இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறதா? அது மனச்சோர்வாக இருக்கலாம், மேலே சொன்ன எதுவும் அதற்கு வேலை செய்யாது. சின்ன வயதிலிருந்தே எல்லா வேலையையும் பாதியில் விடுவது, பொருள்களைத் தொலைப்பது, ஒரு பக்கம் சேர்ந்தாற்போல் படிக்க முடியாமல் போவது என்று இருந்தால் ஏடிஹெச்டி என்ற கவனக் குறைபாடு இருக்கிறதா என்று மனநல மருத்துவரிடம் கேட்கலாம். பெரியவர்களுக்கும் அது உண்டு, சிகிச்சையும் உண்டு. எப்போதும் அசதி என்றால் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. நாள் முழுவதும், கட்டணம் இல்லாமல், தமிழிலேயே பேசலாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கு இது தேவைப்படும் என்று தோன்றவில்லை. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

கடைசியாக அந்தத் தாளுக்கு வருவோம். வளர்வதை முதலில் முடித்து, மற்றதற்கு நாள் குறித்த பிறகும் அடியில் சில வரிகள் மிஞ்சும். தள்ளுபடியில் வாங்கி இரண்டு பாடத்தோடு நின்ற ஆன்லைன் கோர்ஸ், ஜப்பானிய மொழி கற்றுக்கொள்வது, பழைய போட்டோக்களை வருட வாரியாக அடுக்குவது. இவற்றைச் செய்யாமலிருந்தால் யாருக்கும், உங்களுக்கும், ஒன்றும் ஆகாது. அடித்துவிடுங்கள். சுவரில் சும்மா தொங்கும் கிடார் மாதிரி எதையாவது விற்பதென்றால் இன்றைக்கே போட்டோ எடுத்துப் போட்டுவிடலாம். தூசி தட்டி, புதுக் கம்பி மாட்டி, நல்ல வெளிச்சத்தில் எடுக்கலாம் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.